நெதோஸ்வொனில் வீட்டுக் கல்

ஓல்ஷான்கா,
திருவருகைக் காலத்து இரண்டாம் ஞாயிறு

அன்பு மகள் ரதானாவுக்கு, அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை ஆங்கஸும் குட்டிப்பயல் ஃபின்லேயும் எந்தக் குறையுமில்லாமல் இருக்கவேண்டுமென்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை, முறைக்காக எழுதிவிட்டேன் என்று வைத்துக்கொள், உண்மை என்ன என்பதைப் படிக்கப் படிக்கத் தெரிந்துகொள்வாய். மூன்று வாரமாக இங்கே பனிமூட்டம் விலகவில்லை. பீட்ரூட் வயலெல்லாம் அறுத்துப்போட்ட வெறும் சேறு, எதிர்வீட்டுப் புகைபோக்கிகூடத் தெரிவதில்லை, துணி காயவைத்தால் வைத்ததைவிட ஈரமாக எடுத்துவருகிறேன். உங்கள் ஊரில் இப்போது வெயில் காலம் என்று யர்மிலா சொல்கிறாள், குழந்தைக்குத் தொப்பி போடு. நீ போனை எடுப்பதில்லை. மணி அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது, அப்புறம் அந்த இங்கிலீஷ்காரி குரல் ஏதோ சொல்கிறது, அவளிடம் நான் என்ன பேசமுடியும். அதனால்தான் கடிதம். கடிதத்தைக் கிழித்துப் போடுவதானாலும் கையில் எடுத்துத்தானே ஆகவேண்டும்.

நீ ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு யர்மிலாதான் கல்லறைத் தோட்டத்தில் நம் குடும்பக் கல்லைப் படம் பிடித்து உனக்கு அனுப்பியிருக்கிறாள். கெட்ட எண்ணமில்லை அவளுக்கு, வாயும் கையும் சும்மா இருக்காது அவ்வளவுதான், நான் அவளோடு ஒரு வாரம் பேசாமல் இருந்து பிறகு உப்புக் கடன் வாங்கப்போய்ப் பேசிவிட்டேன். உயிரோடு இருக்கிற பெண் தன் பெயரைக் கல்லறையில் பார்த்தால் எப்படி இருக்கும், அதுவும் பிள்ளை பெற்றுப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிற நேரத்தில். நானாக இருந்தால் போனை எடுத்துக் கத்தியிருப்பேன். நீ அப்பாவைக் கொண்டு பிறந்தவள், வாயை மூடிக்கொண்டுவிட்டாய். அப்பா செய்ததை நான் சரியென்று சொல்லவரவில்லை. சரியில்லை. ஆனால் அது எங்கிருந்து தொடங்கி எப்படி அங்கே போய் நின்றது என்பதை நீ தெரிந்துகொள்ளாமல் அவரை வெறுக்கக்கூடாது, அதற்காக முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

போன குளிரில் உன் தாத்தா பாட்டி கல் உறைபனியில் பிளந்துபோனது உனக்குத் தெரியும். மணற்கல்தானே, எத்தனை காலம் தாங்கும். புதிதாகக் கருங்கல் வைக்கவேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில்தான் ஓலோமோட்ஸிலிருந்து ஷிமாச்கோவா என்று ஒரு அம்மாள் வந்தாள். குடும்பப் பெயர்களை ஆராய்கிறவளாம். குட்டையாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, சேற்றில் புதைந்த செருப்போடு வாசலில் நின்று, "நெதோஸ்வொனில் வீடு இதுதானே? உங்கள மாதிரி பேர் உள்ளவங்க நாடு முழுக்க இந்த ஒரு குடும்பம்தாம்மா, அதான் நேர்ல பாத்துடலாம்னு வந்தேன்" என்றாள். ஏதோ அபூர்வப் பறவையைப் பார்க்க வந்த மாதிரி அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சுத்தமான சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், எனக்குச் சொல்லாமலே அலமாரியிலிருந்து பிளம் சாராயத்தை எடுத்தார், நான் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்த கசகசா கோலாச் இனிப்பு ரொட்டி அத்தனையும் அவளுக்கே போயிற்று.

நம் ஹானா வட்டாரத்தில் இந்த மாதிரிப் பெயர்களுக்குப் பஞ்சமா என்ன. 'திரும்பி வந்தான்' என்று பெயருள்ளவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், 'படுத்தே கிடந்தான்' ஒருவன் நமக்குத் தபால் கொண்டுவருகிறான். யாரோ ஒருவன் ஒரே ஒருநாள் செய்த ஒரு காரியம், ஊர் சிரித்தது, அது அவன் பேரப்பிள்ளைகள்வரை ஒட்டிக்கொண்டது. ஆனால் நெதோஸ்வொனில், 'மணியை அடித்து முடிக்கவில்லை', என்பது மட்டும் நம் ஒரு வீட்டுக்குத்தான். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும்போதெல்லாம் உன்னைப் பார்த்துப் பையன்கள் கத்துகிறார்கள் என்று நீ அழுதுகொண்டு வருவாயே. அப்பா உனக்குச் சொன்ன கதை அந்தக் காலத்தில் ஸ்வீடன் படை ஊர்மேல் வந்த கதை. முதல் தாத்தா கோபுரத்தில் ஏறி அபாய மணி அடித்துக்கொண்டே இருந்தார், ஊர் ஜனம் காட்டுக்குள் ஓடித் தப்பித்தது, குண்டு வந்து அவர் மேல் பாய்ந்தது, மணி பாதியில் நின்றது. ஊர்க்காரர்கள் சொல்கிற கதை வேறு. திருவிழா நாளில் தாகம் தாங்காமல் கயிற்றை விட்டுவிட்டு பீர்க்கடைக்குப் போய்விட்டார் என்பது அவர்கள் கதை. இரண்டையும் ஷிமாச்கோவா அம்மாளிடம் அப்பா சொன்னார், பீர்க்கடைக் கதையைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யார் கண்டா ஐயா, கயிறு அறுந்திருக்கலாம்" என்றாள். கயிறு! அப்பா முகம் போன போக்கைப் பார்த்து நான் சமையலறைக்குள் போய்ச் சிரித்தேன். அதுதான் இந்த வருடம் நான் கடைசியாகச் சிரித்த சிரிப்பு என்று இப்போது தோன்றுகிறது.

அவள் இன்னொன்றும் சொன்னாள். அந்த மணிக்காரனுக்கு ஆண்பிள்ளை இல்லையாம். ஒரே ஒரு பெண். மலைப்பக்கத்திலிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவன் அவளைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்குள் வந்தான், வந்த அன்றே தன் பெயரை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுப் பெயரைப் போட்டுக்கொண்டான். அந்தக் காலத்தில் அப்படித்தான், கூரைக்குத்தான் பெயர், கூரைக்குக் கீழே யார் படுத்தாலும் அந்தப் பெயர் அவனுக்கு. நாமெல்லாம் அந்த ஆட்டுக்காரன் வழி. "அப்ப நாம ஆண்வழியில மணிக்காரன் ரத்தமே இல்லையா?" என்று அப்பா கேட்ட குரல் எனக்கே கஷ்டமாக இருந்தது. அவள் போன பிறகு ஒரு வாரம் அந்த ஆட்டுக்காரனையே நினைத்துக்கொண்டிருந்தார். நான்தான் கேலி செய்தேன், "அப்ப நானும் நீயும் ஒண்ணுதான் லியோபோல்ட், நானும் வெளியிலேர்ந்து வந்து இந்தக் கூரைக்குக் கீழ பேர் மாத்திக்கிட்டவதானே" என்றேன். கேலியாகத்தான் சொன்னேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலையில் காப்பி குடிக்காமலே பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுக்குப் போய்விட்டார்.

அப்படிப் போய் எழுதிவாங்கியதுதான் மாப்பிள்ளைக்கு இங்கிலீஷில் வந்த அந்தக் கடிதம். வீட்டையும் தோட்டத்தையும் உன் பெயருக்கே எழுதிவைக்கிறேன், மாப்பிள்ளை எங்கள் பெயரை எடுத்துக்கொள்ளட்டும், பிறக்கப்போகும் பிள்ளை நெதோஸ்வொனிலாகப் பிறக்கட்டும் என்று. கடலுக்கு அந்தப்புறம் ஆட்டுப்பண்ணையில் வேலை செய்கிற மனிதனுக்கு இதில் என்ன புரியப்போகிறது. அப்பாவுக்கோ அவர் ஆட்டுப்பண்ணைக்காரர் என்பதே ஒரு சகுனம் மாதிரிப் பட்டது, முன்னாடியும் ஆட்டுக்காரன்தானே வந்து காப்பாற்றினான் என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். நீ போனில் முதலில் சிரித்தாய், பிறகு அப்பா விளையாடவில்லை என்று தெரிந்ததும் அழுதாய், அதன்பிறகு கோபமாக, எனக்கே அந்தப் பெயர் வேண்டாம்ப்பா, இங்கே ஒருத்தருக்கும் அதைச் சொல்ல வரவில்லை, நான் ரெனி என்று மாற்றிக்கொண்டு மாதக்கணக்காகிறது என்று சொன்னாய். நான் பக்கத்தில் நின்றேன். அவர் போனை எவ்வளவு மெதுவாக வைத்தார் என்று நீ பார்க்கவில்லை. உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கட்டிக்கொண்டவன் பெயரைத்தானே எடுத்தாய், நானும் அதைத்தான் செய்தேன், என்னை யாரும் குறை சொல்லவில்லையே.

கோடையில் ப்ரெரோவ் முதியோர் இல்லத்தில் உன் அத்தை ப்லாஷேனா போய்ச் சேர்ந்தாள். கல்யாணமே செய்துகொள்ளாததால் அவள் பெயர் அவளிடமே இருந்தது. அடக்கம் முடிந்து பஸ்ஸில் வரும்போது அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "இனி நாடு முழுக்க நாம ரெண்டு பேர் த்ரஹா" என்றார். எனக்கு அப்போது வேறொன்று உறைத்தது. அப்பாவுக்குப் பிறகு இந்தப் பெயரில் மிச்சம் நிற்கப்போவது நான். மணிக்காரன் ரத்தமும் இல்லை, ஆட்டுக்காரன் ரத்தமும் இல்லை, சினோவ் ஊர்ப்பக்கம் சுண்ணாம்புக்காரர் வீட்டில் பிறந்தவள். இவ்வளவு தூரம் வந்த ஒரு பெயர் கடைசியில் என் தலையில் வந்து உட்கார்ந்து என்னோடு போகப்போகிறது. எனக்குப் பெருமையும் இல்லை, ஒன்றும் இல்லை, குளிர்கிற மாதிரி இருந்தது. அதற்கப்புறம் இலையுதிர்காலம் தொடங்கும்போது ஃபின்லே ரெனி பிறந்த செய்தி வந்தது. நான் யர்மிலா வீட்டுக்கு ஓடி, தெருவில் நின்று, எல்லோரிடமும் சொன்னேன். அப்பா கொட்டகைக்குப் போய் விறகு பிளந்தார். தேவையில்லாத விறகு. அவர் சந்தோஷப்படவில்லை என்று நினைக்காதே, நீ அனுப்பிய படத்தை அலமாரிக் கண்ணாடியில் செருகிவைத்தது நான் அல்ல, அவர்தான். இரண்டும் ஒரே மனசுக்குள் கிடந்து அவரைப் பிடுங்கின.

கல் வைத்தது அந்தச் சமயத்தில்தான். கல்வெட்டுகிற கோவுட்னியிடம் அப்பா தனியாகப் போனார், என்னைக் கூப்பிடவில்லை. தாத்தா, பாட்டி, அவர்களுக்குக் கீழே அப்பா, நான். எங்கள் இரண்டு பேருக்கும் பிறந்த வருடமும் ஒரு கோடும். அதில் எனக்கு ஒரு வருத்தமுமில்லை, இங்கே கணவன் மனைவி எல்லோரும் அப்படித்தான் முன்கூட்டியே வெட்டிவைக்கிறார்கள், என் பெயரை நானே ஈரத்துணியால் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு உரித்திருப்பேன். ஆனால் எங்களுக்குக் கீழே உன்னை வெட்டச் சொல்லியிருக்கிறார். பெண்பிள்ளைகளுக்கு எழுதுகிற முறைப்படி ரதானா நெதோஸ்வொனிலோவா, பிறந்த வருடம், கோடு. கோவுட்னி அப்போதே கேட்டிருக்கிறான், "ஐயா, பெரியவங்களுக்கு வெட்டுவோம், பிள்ளைங்களுக்கு யாரும் வெட்டறதில்லையே, அதுவும் தூர தேசத்துல இருக்கற பொண்ணுக்கு?" என்று. அதற்கு இவர், "அங்க அவளுக்கு அந்தப் பேர் இல்ல. இங்கயாவது இருக்கட்டும்" என்றாராம். ரதானா, உன்னைச் சாகடிக்க வேண்டுமென்று அவர் நினைக்கவில்லை. மேசையில் உனக்கும் ஒரு தட்டு போட்டுவைக்கிற மாதிரி நினைத்துவிட்டார். அவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை இவ்வளவு பாசத்தோடு செய்கிற மனிதனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எனக்கு அது இறந்தவர் நாள் அன்றுதான் தெரியும். நானும் மற்றவர்களைப் போல செவ்வந்தித் தொட்டியும் ஊசியிலைக் கிளையும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு போகிறேன், தோட்டம் முழுக்க ஜனம், சிவப்புக் கண்ணாடி விளக்குகள், பனிமூட்டத்தில் யார் முகமும் சரியாகத் தெரியவில்லை. நம் கல்லுக்கு முன்னால் நம் வீட்டார் வைக்காத ஒரு விளக்கு எரிகிறது. பக்கத்தில் காது கேட்காத க்ருப்கோவா கிழவி நின்று மூக்கைச் சிந்துகிறாள். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, காது கேட்காதவர்கள் பேசுகிற அந்தச் சத்தத்தில், "அடிப் பாவி மகளே, எப்ப போச்சு உன் பொண்ணு? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? மணிகூட அடிக்கலியே! கைக்குழந்தைய விட்டுட்டா போனா?" என்று கேட்டாள். அந்தக் கல்லறைத் தோட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் அப்போதுதான் கல்லைப் பார்த்தேன். உயிரோடு இருக்கிறாள், இருக்கிறாள் என்று நான் கத்தினேன், கிழவிக்கு அதுவும் கேட்கவில்லை, அவள் உன் ஆத்துமாவுக்காகச் சிலுவை போட்டுக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போய்விட்டாள்.

அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார். தாத்தா பாட்டிக்கு ஏற்றுவதற்காகக் கையில் தீக்குச்சி எரிந்துகொண்டிருந்தது, அது விரலைச் சுடும்வரை அப்படியே பிடித்திருந்தார். அப்புறம் இன்னொன்று உரசினார், அதுவும் அப்படியே. ஒரு மெழுகுவர்த்தியைக்கூட அவரால் ஏற்ற முடியவில்லை. நான்தான் ஏற்றினேன், கிழவி வைத்த விளக்கை ஊதி அணைத்துப் பாவாடைக்குள் மறைத்து வெளியே கொண்டுபோய்க் குப்பையில் எறிந்தேன். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த முதல் மணிக்காரன் ஞாபகம் வந்தது. ஸ்வீடன் படையும் இல்லை பீரும் இல்லை, அவன் தன் வீட்டுச் சாவுக்கே மணி அடிக்க ஏறியிருப்பான், பாதியில் கை ஓடாமல் கயிற்றை விட்டிருப்பான் என்று தோன்றியது. இதற்கு எந்தச் சாட்சியும் கிடையாது, ஷிமாச்கோவா அம்மாள் கேட்டால் இல்லையென்று தலையை ஆட்டுவாள். எனக்கு அப்படித் தோன்றியது, அவ்வளவுதான்.

வழியெல்லாம் நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். வார்த்தைகளை இங்கே எழுதமாட்டேன், கன்னியாஸ்திரி மடத்தில் வளர்ந்தவள் நான். "உனக்கு மூளை இருக்கா லியோபோல்ட், பெத்த பொண்ணுக்கு எவனாவது கோடு போட்டு இடம் விட்டு வைப்பானா, அந்தக் கோட்டுக்கு அப்பறம் என்ன எழுதணும்னு நெனச்ச?" என்றேன். "அவ பேர் எங்கயாவது ஒரு எடத்துல நம்ம பக்கத்துல இருக்கணும்னு நெனச்சேன் த்ரஹா. கோட்டப் பத்தி நெனக்கல" என்றார். நெனக்கல! வீட்டுக்கு வந்து மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். யர்மிலா படம் அனுப்பிவிட்டாள் என்பது மறுநாள் தெரிந்தது, அதிலிருந்து போன் அடிக்கும்போதெல்லாம் அவர் எழுந்து நிற்பார், நீ இல்லையென்று தெரிந்ததும் உட்காருவார். போனை எடுக்காத உனக்கு ஒருநாள் அவரே போட்டார், அந்த இங்கிலீஷ்காரி பேசி முடித்ததும் அவளிடம் செக் மொழியிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தார். அவர் குரல் உன் வீட்டில் பதிவாகியிருந்தால் கேட்டிருப்பாய். கேட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை.

மார்ட்டின் திருநாளன்று நான் வாத்தை அடுப்பில் வைத்திருக்கிறேன், இவர் சாப்பிடாமல் கிளம்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கோவுட்னியிடமிருந்து எனக்குப் போன், பட்டறைக்கு வெளியே நின்று ரகசியமாகப் பேசுகிறான், "அம்மா, ஐயாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? கல்ல அரைக்கச் சொல்றாரு" என்றான். நடந்தது இதுதான். உன் பெயரை மட்டும் எடுத்துவிடு என்று கேட்டிருக்கிறார். கோவுட்னி, "ஒட்டின எழுத்தா இருந்தா பிடுங்கிடலாம் ஐயா, இது வெட்டினது. ஒரு வரிய மட்டும் அரைச்சா அங்க பள்ளம் விழும், சாயங்கால வெளிச்சம் சாஞ்சு விழறப்ப அங்க என்னவோ இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். எடுத்தா கல்லு மொகம் முழுக்க எடுக்கணும்" என்றானாம். "எடு" என்றாராம் இவர். "உங்க பேரும் போயிடுமே?" "போகட்டும்." "அப்பா அம்மா பேரு?" "அவங்க எறந்துட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். எம் பொண்ணு எறக்கல." ஐயா சொன்ன மாதிரியே செய் என்று அவனிடம் சொல்லிவிட்டு வாத்து வெந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தேன். அன்று யாரும் வாத்து சாப்பிடவில்லை.

நினைத்துப்பார் மகளே. நாடு முழுக்க இரண்டே பேரிடம் இருக்கிற பெயர் அது. அதற்காக வீட்டையே எழுதித் தருகிறேன் என்று சொல்லி அவமானப்பட்டவர், அதற்காக உன்னையே இழக்கத் துணிந்த மாதிரி நடந்துகொண்டவர், கல்லில் வெட்டிய அத்தனை பெயரையும் தன் வாயால் அரைக்கச் சொன்னார். போன வாரம் கோவுட்னி கல்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டான். கண்ணாடி மாதிரிப் பளபளவென்று, ஒரு எழுத்துகூட இல்லாமல் நிற்கிறது. வருகிறவர்களெல்லாம் நின்று பார்க்கிறார்கள், யாருடையது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். க்ருப்கோவா கிழவியிடம் நீ உயிரோடு இருக்கிறாய் என்று காதோடு வாய் வைத்துக் கத்திச் சொன்னேன், அவள் என் கன்னத்தில் தட்டி, "அப்ப வெளக்கு வெச்சது வீணாப்போச்சு, திருப்பிக் குடு" என்றாள். கிழவியை என்ன சொல்ல.

இனி நான் எழுதப்போவதை எழுதக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவளை மிரட்டி வரவழைக்காதே என்பது அவருடைய கட்டளை. கட்டளை அவருடையது, பேனா என் கையில். கல்யாண நாளிலிருந்து இன்றுவரை அவர் சொன்னதையெல்லாம் நான் கேட்டேனா என்ன. அவருக்கு இதயம் முடியவில்லை ரதானா. கால் இரண்டும் வீங்கி ரப்பர் பூட்ஸ் ஏறுவதில்லை, படுத்தால் மூச்சு வருவதில்லை, தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார். கல்லறைத் தோட்டம்வரை நடக்க வழியில் இரண்டு மூன்று இடத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று ஏதோ பயிரைப் பார்க்கிற மாதிரி நடிக்கிறார், பனிமூட்டத்தில் என்ன பயிர் தெரியும். மாவட்ட ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர், நல்ல பையன், என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப்போய், "அம்மா, ஆபரேஷன் தாங்கற இதயம் இல்ல இது. வசந்த காலத்தப் பத்தி நாம இப்ப பேச வேண்டாம்" என்றார். நான் வராந்தாவிலேயே கொஞ்சநேரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய், சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னார் என்று பொய் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து ஊறுகாய் ஜாடியை அவராகவே நகர்த்தி வைத்தார்.

நீ வா என்று கெஞ்சவேண்டுமா என்று யோசித்தேன், கெஞ்சுகிறேன், எனக்கென்ன கௌரவம். குழந்தையையும் தூக்கிக்கொண்டு வா. மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் அவரையும் கூட்டிவா, பெயரைப் பற்றி ஒரு வார்த்தை வராது என்று நான் பொறுப்பு. அப்பா இப்போதெல்லாம் அலமாரிக் கண்ணாடிக்கு முன் நின்று படத்தைப் பார்த்து ஃபின்லே ரெனி, ஃபின்லே ரெனி என்று சொல்லிப் பழகுகிறார், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது, உங்கள் ஊரில் ஒருவருக்கும் புரியாது. நான் கவனிக்கிறேன் என்று தெரிந்தால் கண்ணாடியில் பல்லைப் பார்க்கிற மாதிரி வாயைத் திறக்கிறார். விமானத்தில் குழந்தைக்குக் காது வலிக்கும், ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடு. இங்கே வரும்போது கனமான கோட்டு வேண்டாம், உன் பழைய கோட்டைப் பூச்சி அரிக்காமல் வைத்திருக்கிறேன். கெண்டை மீனும் உருளைக்கிழங்குச் சாலடும் உனக்காக வைப்பேன், கிறிஸ்துமஸுக்கு வரமுடியாவிட்டால் ஜனவரியில் வைப்பேன், எப்போது வந்தாலும் அன்று கிறிஸ்துமஸ். உன் அறையில் அடுப்பை மூட்டிச் சுவரை உலர்த்திக்கொண்டிருக்கிறேன். கோபம் இருந்தால் கோபத்தோடேயே வா, இங்கே வந்து அவர் முகத்தைப் பார்த்துக் கத்து, அவர் கேட்டுக்கொள்வார், அதற்காகத்தான் காத்திருக்கிறார் என்றுகூட நினைக்கிறேன். போனை மட்டும் எடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போடுவேன், எடுத்து ஒன்றும் பேசாவிட்டாலும் பரவாயில்லை, குழந்தை சத்தம் கேட்டால் போதும் அவருக்கு.

கடவுள் உன்னையும் உன் வீட்டையும் காப்பாற்றட்டும். குழந்தை நோய்நொடியில்லாமல் வளரட்டும், உன் கைக்கு எட்டுகிற தூரத்திலேயே எப்போதும் இருக்கட்டும், என்னைப் போல நீ கடிதம் எழுதிக்கொண்டு உட்காரவேண்டாம். ஒன்றை மறந்துவிடாதே. கல்லில் என்ன வெட்டவேண்டும் என்று கோவுட்னி இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டான், தாத்தா பாட்டி பெயரையாவது போடலாமே என்று நானும் சொன்னேன். இப்போது எதுவும் வேண்டாம், என்ன எழுதவேண்டும், யார் யாரை எழுதவேண்டும், எந்தப் பெயரில் எழுதவேண்டும், எல்லாம் ரதானா வந்து சொல்லட்டும் என்கிறார் அப்பா. எனக்கு மட்டும் தெரியும், நீ வந்து சொல்லாவிட்டால் கோவுட்னி உளியை எடுக்க ஒரே காரணம்தான் இந்த வீட்டில் மிச்சமிருக்கிறது, அது அப்பா போகிற நாள். கல் வெறுமையாக இருக்கும்போதே வந்துவிடு கண்ணே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
த்ரஹோமீரா